ஒற்றைத் தண்டவாளத்தில் மீண்டும் எழுந்த ட்ராம்

தில்லி சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் நூதனசாலையில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் உண்டு. மற்ற எஞ்சின்களுக்கு இரண்டு பக்கமும் சில்லுகள் இருக்கும். இதற்கோ நடு வயிற்றுக்குக் கீழே மூன்று சில்லுகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசையில். மூன்றும் ஒரேயொரு தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடும். சரிந்து விழாமல் இருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய இரும்புச் சில்லொன்று வெளியே நீண்டு தரையைத் தொட்டபடி உருளும்.

மட்டக்களப்பு வாவியில் பக்கமரம் வைத்த தோணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பாரம் முழுதும் தோணியில் இருக்கும். பக்கமரம் சுமக்காது, கவிழவும் விடாது. யூவிங் என்பவர் வகுத்த இந்த முறையிலும் அப்படித்தான்: எடையில் நூற்றுக்கு 95 பங்கைத் தண்டவாளத்துச் சில்லுகள் தாங்கும், மிச்சம் 5 பங்கு மட்டும் தெருவில் உருளும் சில்லில் விழும்.

பட்டியாலா அரசு ஒற்றைத் தண்டவாள ட்ராம்பாதை என்பது இதன் முழுப்பெயர். 1907இல் ஓடத் தொடங்கி, 1927இல் நின்று, 35 ஆண்டுகள் குப்பையோடு குப்பையாகக் கிடந்து, பிறகு ஒரு பட்டறைத் தொழிலாளர்களின் கையால் எழுந்து ஓடிய வண்டி. பழைய ட்ராம்களைத் திருத்தி ஓட்டுவது உலகத்தில் பல நகரங்களில் நடக்கிறது. ஆனால் இவ்வளவு வினோதமான சில்லுச் சட்டத்தோடு ஒரு ட்ராமை மீட்டெடுத்து, நெருப்பு மூட்டி, ஓட்டிப் பார்த்த கதை நம் பக்கத்து நாட்டில் நடந்தது. தமிழ் வாசகர்களுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

காத்தான்குடியில் இருந்துகொண்டு ட்ராமைப் பற்றி எழுதுவதற்கு ஒரு நியாயம் வேண்டும். நம் ஊருக்கு ட்ராமும் வரவில்லை, கோச்சியும் வரவில்லை. மட்டக்களப்பு வரைக்கும் 1928இல் ரயில் வந்தது. அதைக் கல்முனை வரை நீட்டும் பேச்சு எத்தனையோ முறை எழுந்து அமர்ந்துவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் இந்த மண்ணில் வண்டி என்றால் ஒரு காலம் மாட்டுக் கரத்தை, பிறகு பஸ்ஸும் லொறியும்தான். ஆனாலும் துணி வியாபாரத்துக்குக் கொழும்பு போய் வருகிற ஊர் இது. ட்ராம் ஓடிய காலத்தில் புறக்கோட்டையில் சரக்கெடுக்கப் போன எவருக்கும் அதன் மணிச்சத்தம் தெரியாமல் இருந்திருக்காது. அதைவிடப் பெரிய நியாயம் ஒன்று உண்டு. பழைய இயந்திரத்தைக் காப்பது என்றால் உண்மையில் எதைக் காப்பது என்ற கேள்விக்குப் பட்டியாலா ட்ராம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் நம் தீவுக்கு இன்றைக்குத் தேவை.

மன்னரும் கோவேறு கழுதைகளும்

பட்டியாலா சமஸ்தானத்தை அப்போது ஆண்டவர் மகாராஜா பூபிந்தர் சிங். அவருடைய பொறியியலாளர் கேர்ணல் போல்ஸ். பஞ்சாபின் தானியச் சந்தைகளுக்கு மூட்டை போக வேண்டும், நல்ல வீதி இல்லை, முழு ரயில் பாதை போடப் பணம் பெரிதாக வேண்டும். அதே நேரம் இராணுவத் தேவைக்கென்று வளர்க்கப்பட்ட கோவேறு கழுதைகள் 560 சமஸ்தானத்தின் கையில் வேலையில்லாமல் நின்றன. இரண்டையும் சேர்த்து யோசித்தவர்களுக்கு யூவிங் முறை கைகொடுத்தது. வீதியின் ஓரத்தில் ஒரேயொரு தண்டவாளம் போட்டால் போதும். மற்ற வண்டிகள் அதே வீதியில் வழக்கம்போலப் போய்வரலாம். நிலம் எடுக்கும் செலவு இல்லை, இரும்பும் பாதி.

இரண்டு பாதைகள் போட்டார்கள். ஒன்று சிர்ஹிந்திலிருந்து மொரிண்டா வரை, ஏறத்தாழ 24 கிலோமீற்றர். மற்றது பட்டியாலாவிலிருந்து பவானிகர் வழியாகச் சுனாம் வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஆரம்பத்தில் கோவேறு கழுதைகள் இழுத்தன. பிறகு ஜேர்மனியின் ஒறன்ஸ்டைன் அன்ட் கோப்பல் கம்பனியிடமிருந்து நான்கு நீராவி எஞ்சின்கள் வந்தன.

கழுதையே இழுத்துவிடும் அளவுக்கு இது இலகுவானது ஏன்? மண் வீதியில் கரத்தைச் சில்லு உருளும்போது மண்ணை அமுக்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னக் குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருப்பது போன்ற வேலை அது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு உருளும்போது அந்த அமுக்கம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே மாடு வண்டியில் இழுக்கும் பாரத்தைப்போலப் பல மடங்கை அதே மாடு தண்டவாளத்தில் இழுக்கும். யூவிங் முறையில் 5 பங்கு எடை மட்டும் மண்ணில் விழுவதால், தண்டவாளத்தின் இலாபத்தில் பெரும்பகுதி ஒரே தண்டவாளத்தில் கிடைத்துவிடுகிறது.

மோட்டார் லொறிகளும் பஸ்களும் பெருகி வீதிகளும் திருந்தியபோது ட்ராமின் தேவை போயிற்று. 1927 ஒக்டோபர் 1இல் மூடினார்கள். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

மூணாற்று மாடுகள்

இதே முறை பட்டியாலாவுக்கு முன்பே நம்மவர்கள் வேலை செய்த மலையில் ஓடியது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1902இல் கண்ணன் தேவன் மலையில், மூணாறிலிருந்து டொப் ஸ்டேஷன் வரை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். சின்னச் சில்லு தண்டவாளத்தில், பெரிய சில்லு வீதியில், இழுப்பதற்கு மாடுகள். தேயிலைப் பெட்டிகள் இப்படி மலை விளிம்புக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போகும்.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் குறுகிய அகல ரயில் பாதை போட்டார்கள். 1924இன் பெருவெள்ளம் அதையும் அள்ளிக்கொண்டு போயிற்று. மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் கேரளத்தில் இன்றைக்கும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றுதான் சொல்கிறார்கள். திரும்பப் பாதை போடவில்லை. மூணாற்றுத் தேயிலை நூதனசாலையில் அந்த ரயிலின் சில்லொன்றை வைத்திருக்கிறார்கள். கண்டியிலும் ஹட்டனிலும் கொழுந்து பறித்த மக்களின் உறவுகளே அங்கேயும் பறித்தவர்கள். அந்த மக்களின் உழைப்பைச் சுமந்த வண்டியில் நம் கண்ணுக்குக் காட்ட ஒரு சில்லு மிஞ்சியிருக்கிறது.

அதே 1924இல்தான் நம் கல்லடிப் பாலம் திறந்தது. மனிங் சீமாட்டி பெயரில் ஆங்கிலேயர் கட்டிய இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபோது பழையதை வெட்டி விற்காமல் விட்டது எவ்வளவு நல்ல காரியம் என்பது, மாலை நேரத்தில் அதில் நடந்து போகிற எல்லாருக்கும் தெரியும்.

கொட்டகையில் கிடந்த எஞ்சின்

பட்டியாலாவின் கதைக்குத் திரும்புகிறேன். 1962இல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேயர், பட்டியாலாவில் பொதுவேலைத் திணைக்களத்தின் கொட்டகை ஒன்றில் இந்த எஞ்சின்களையும் வண்டிகளின் மிச்சத்தையும் கண்டுபிடித்தார். இவர் சாதாரண ஆர்வக்காரர் இல்லை. பிற்காலத்தில், 1975இல், ஜோர்ஜ் ஸ்டீவன்சனின் ‘லோகோமோஷன்’ எஞ்சினை ஓடக்கூடிய பிரதியாகச் செய்து காட்டிய முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். இந்தியாவின் ரயில் நூதனசாலை உருவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நூதனசாலை 1977இல் திறந்தது.

இரும்பு விலைக்குப் போகாமல் அவை 35 வருடம் கிடந்தது அதிர்ஷ்டம். ஆனால் கண்டுபிடித்தவுடன் வர்ணம் பூசிக் கல்மேடையில் ஏற்றாமல், ஓட வைப்போம் என்று எடுத்த முடிவைத்தான் நான் மதிக்கிறேன். வடக்கு ரயில்வேயின் அமிர்தசரஸ் பட்டறைக்கு நான்காம் இலக்க எஞ்சின் போயிற்று. கூடவே ஒரு பழைய அடிச்சட்டமும். அந்த அடிச்சட்டத்தின் மீது, தலைமைப் பொறியியலாளர் பாதையைப் பார்வையிடப் பயன்படுத்திய வண்டியைப் பட்டறைக்காரர்கள் புதிதாகக் கட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். சட்டம் பழையது, மேலே உள்ள மரக்கூடு புதியது. இதைப் பார்த்து, ‘அப்படியென்றால் இது போலிதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு ட்ராமில் எது போனால் திரும்ப வராது என்று பார்த்தால், அது சில்லும் அச்சும் சட்டமும் சேர்ந்த கீழ்ப்பகுதிதான். ட்ராம் தொழிலில் அதை ட்ரக் என்பார்கள். மரக்கூட்டை ஒரு நல்ல தச்சர் பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செய்துவிடுவார். ஆசனம், யன்னல் சட்டம், கூரை எல்லாம் படத்தில் தெரியும். ட்ரக் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பலகைகளுக்குக் கீழே, இருட்டில் இருக்கும். அச்சுப் பெட்டி எந்த அளவுக்கு மேலும் கீழும் அசைய வேண்டும், வில்லுத்தட்டு எத்தனை அடுக்கு, சில்லின் விளிம்பு எந்தச் சரிவில் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த இரும்பிலேயே எழுதியிருக்கும் கணக்கு. அது உருகிப் போனால் கணக்கும் போயிற்று.

ட்ரக் விஷயத்தில் உலகம் பட்ட பாடு ஒரு தனிக் கதை. நகரத்து மின்சார ட்ராமுக்கு, முனைகள் பழைய கட்டிலைப்போல ஆடாமல், கூர்மையான தெருமுனையிலும் திரும்பும்படி ஒரு சட்டம் செய்ய வேண்டும். பிலடெல்பியாவின் ஜே. ஜி. பிறில் கம்பனி நான்கு சில்லு வண்டிக்கென்று செய்த 21ஈ என்ற ட்ரக், அச்சுக்கு அப்பாலும் ஸ்பிரிங்கை நீட்டி வைத்து அந்த ஆட்டத்தைக் குறைத்தது. உலகமெங்கும் விற்றது. நீளமான வண்டிக்கு இரண்டு ட்ரக் வேண்டும், ஆனால் இரண்டு மோட்டார் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்ற நிலைமைக்கு 22ஈ என்று இன்னொன்று. அதில் ஒரு பக்கத்துச் சில்லு பெரிது, மறுபக்கத்தது சிறிது. எடையில் பெரும்பங்கு மோட்டார் பூட்டிய பெரிய சில்லின் மேல் விழும்படி வைத்திருப்பார்கள், அப்போதுதான் சறுக்காது. வளைவில் அச்சுகள் தாமே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும் ட்ரக்குகளும் வந்தன. அவை பராமரிக்கச் சிரமம் என்று பல இடங்களில் கைவிட்டதால் இன்று கிடைப்பது அரிது.

ஆகவே பழைய ட்ராம் கூடு ஒன்றை யாரோ ஒருவர் தோட்டத்தில் கோழிக்கூடாகவோ, கடையாகவோ கண்டெடுத்தால், மீட்பவர்களின் முதல் கவலை ட்ரக்தான். ஒரு நாட்டுக் கூட்டுக்கு இன்னொரு நாட்டு ட்ரக்கைப் பூட்டி, தண்டவாள அகலத்துக்கு ஏற்ப அச்சை மாற்றி ஓட்டுவதெல்லாம் சாதாரணம்.

லிஸ்பன் வேறு வழியில் போயிற்று. 1990களின் நடுவில் தன் பழைய மஞ்சள் ட்ராம்களின் கூட்டை வைத்துக்கொண்டு, கீழே புது ட்ரக்கும் புது மின்கருவிகளும் பூட்டியது. நாளாந்தம் மலைச்சரிவில் ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டிக்கு அது சரியான முடிவு. பிரேக் விட்டுப் போனால் உயிர் போகும். ஆனால் ஒரு நூதனசாலைக்கு அந்த வழி பொருந்தாது. அங்கே காட்ட வேண்டியது வண்டி எப்படி ஓடியது என்பதை. அமிர்தசரஸ்காரர்கள் செய்தது லிஸ்பனுக்கு நேர்மாறு. என் மனதுக்கு அதுவே மேல்.

நெருப்பு மூட்டுவதற்கு முன்

நீண்டகாலம் கிடந்த ஒரு நீராவி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. எந்தப் பட்டறையிலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் பொயிலர். உள்ளே செல்லும் குழாய்களை எடுத்துவிட்டு, தகட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்துத் தேய்ந்த இடம் மந்தமாகச் சத்தம் போடும். அதை வெட்டி ஒட்ட வேண்டும். பிறகு பொயிலரைக் காற்றில்லாமல் குளிர்ந்த நீரால் நிரப்பி, ஓடும்போது வரும் அழுத்தத்தையும் தாண்டிக் கைப்பம்பியால் அழுத்துவார்கள். நீராவிக்குப் பதில் தண்ணீர் ஏன்? நீராவி சுருங்கிக் கிடப்பது. வெடித்தால் விரிந்து ஆளைக் கொல்லும். தண்ணீர் சுருங்காது. எங்கேனும் பிளந்தால் ஒரு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். கசிவு எங்கே என்று ஈரத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

அடுத்தது அச்சு. அச்சு சுழலும் இடத்தில் பழைய வண்டிகளில் பந்து பேரிங் கிடையாது. வெண்கலக் கூட்டுக்குள் வைட்மெட்டல் என்ற மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறிய பிறகு கடைசல் பிடிப்பார்கள். அதோடு முடியாது. அச்சில் மெல்லிய நீலச் சாயம் பூசி, கூட்டை அதன்மேல் வைத்துத் திருப்பி எடுத்துப் பார்ப்பார்கள். சாயம் ஒட்டிய இடம் மேடு. அதைக் கையால், சின்னச் சுரண்டியால், தூள் தூளாகச் சுரண்டுவார்கள். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். சாயம் எங்கும் ஒரே சீராக ஒட்டும்வரை இது நடக்கும். பட்டறையில் இந்த வேலைக்கு வயதானவர்களைத்தான் தேடுவார்கள். இயந்திரம் செய்யாது, புத்தகமும் சொல்லித் தராது.

சில்லுக்கும் இரண்டு பாகம். நடுவில் வார்ப்புச் சில்லு, வெளியே உருக்கு வளையம். வளையத்தை நெருப்பில் சுட்டு விரிய வைத்து, சில்லின்மேல் இறக்கி, ஆற விடுவார்கள். ஆறும்போது அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பட்டியாலா எஞ்சினின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் விளிம்பு. சாதாரண ரயில் சில்லுக்கு உள்பக்கம் மட்டும்தான் விளிம்பு, மற்றத் தண்டவாளத்துச் சில்லு மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே மறு தண்டவாளமே இல்லை. ஆகவே ஒரே சில்லு இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு விளிம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி கொஞ்சம் இறுகினாலும் வளைவில் சில்லு தண்டவாளத்தைக் கடித்துத் தூக்கும், கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி ஆடும்.

பக்கச் சில்லுதான் இந்த ட்ராமின் தலைவலி என்பது என் எண்ணம். அதன்மேல் எடை கூடினால் மண்ணில் புதைந்து இழுவை கூடும், ஒற்றைத் தண்டவாளத்தின் இலாபமே போய்விடும். எடை மிகக் குறைந்தால் எஞ்சின் மறுபக்கம் சரியும். நீராவி எஞ்சினின் எடையோ நிலையானது இல்லை. ஓட ஓட நீர் குறையும், நிலக்கரி குறையும். இந்தச் சமநிலையை நூறு வருடத்துக்கு முன்பே பஞ்சாபின் தூசி பறக்கும் வீதியில் நாள்தோறும் காத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டிகளின் பெயர் எதுவும் நம்மிடம் வரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

எல்லாம் பூட்டிய பிறகு நெருப்பு. முதல் நெருப்பைப் பெரிதாக மூட்டுவதில்லை. பொயிலர் மெதுவாகச் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் மூட்டுகள் விட்டுவிடும். அழுத்தம் ஏறியதும் பாதுகாப்பு வால்வு சொன்ன இடத்தில் தானாகத் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். அது திறக்கும்வரை யாரும் வண்டியை நகர்த்த மாட்டார்கள்.

பிறகு வண்டி, வெறும் எஞ்சினாக, ஆள் நடக்கும் வேகத்தில், சில மீற்றர் தூரம் போகும். நிற்கும். எல்லாரும் இறங்கி ஒவ்வொரு அச்சுப் பெட்டியிலும் புறங்கையை வைப்பார்கள். கையை வைத்திருக்க முடிந்தால் நல்லது. சுட்டுக் கையை இழுத்தால் சுரண்டல் சரியில்லை, அல்லது எண்ணெய் போகவில்லை. மறுபடி கழற்ற வேண்டும். சரியென்றால் இன்னும் கொஞ்சம் தூரம், பிறகு பெட்டியைப் பூட்டி, பிறகு ஆட்களை ஏற்றி. மின்சார ட்ராம் என்றால் நீராவிக்குப் பதில் மோட்டாரின் கம்பிச்சுற்றில் ஈரம் ஏறியிருக்கிறதா என்ற சோதனை. ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் ஒரு நொடியில் மோட்டார் எரிந்துவிடும். அதைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று, புறங்கை வைத்துப் பார்ப்பது உட்பட.

இவ்வளவும் செய்தால்தான் வண்டி ஓடும். அதனால்தான் ஓடும் பழைய வண்டி வெறும் பொருள் இல்லை. அதைச் சுற்றிச் சுரண்டத் தெரிந்த கைகளும், தட்டிக் கேட்கத் தெரிந்த காதுகளும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அத்தாட்சி அது. கல்மேடையில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கைகள் தேவைப்படாது. ஒரு தலைமுறை போனதும் வண்டி இருக்கும், வேலை தெரிந்தவர் இருக்க மாட்டார்.

கொழும்பு இழந்தது

நம் தீவின் கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் மின்சார ட்ராம் 1899இல் ஓடத் தொடங்கியது. பூஸ்டட் சகோதரர்களின் கம்பனி அதை நடத்தியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை புறக்கோட்டை வழியாகக் கிராண்ட்பாஸுக்கும், இன்னொன்று மருதானை வழியாகப் பொறளைக்கும் போயிற்று. தண்டவாள அகலம் மூன்றரை அடி. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானையில் பொலிஸார் சுட்டு ஆட்கள் இறந்தார்கள். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர் எவரும் அந்தத் தெருவைத் தாண்டிப் போக முடியாது. 1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராமைப் பொறுப்பெடுத்தது. 1953இல் தண்டவாளமில்லாத ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் ட்ராம் நின்றது, 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது.

அறுபது வருடம் ஒரு தலைநகரத்தைச் சுமந்த அந்த வண்டிகளில் ஒன்றைக்கூட இன்று நாம் ஓட்டிக் காட்ட முடியாது. சென்னையும் இதைவிட மேலில்லை. 1895 மே 7இல் இந்தியாவின் முதல் மின்சார ட்ராம் அங்கேதான் ஓடியது, மேலே கம்பி இல்லாமல் நிலத்துக்குக் கீழே பதித்த கால்வாயிலிருந்து மின்சாரம் எடுத்து. 1953 ஏப்ரல் 12இல் நிறுத்தினார்கள். கொல்கத்தா மட்டும் 1873இல் குதிரை ட்ராமோடு தொடங்கியதை இந்த நூற்றாண்டுவரை கொண்டுவந்தது. அங்கேயும் 2024 செப்டெம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு பாதையைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. மெல்பேர்ன் ட்ராம் நடத்துநர் ஒருவர் கொல்கத்தா ட்ராம்காரர்களோடு கைகோத்து 1990களிலிருந்து நடத்திவந்த ‘ட்ராம்ஜாத்ரா’ விழாவும், நகரத்து இளைஞர்களின் எதிர்ப்பும் இல்லாதிருந்தால் அந்த ஒன்றும் மிஞ்சியிருக்குமோ என்பது சந்தேகம்தான்.

ஆனால் நம் தீவு எதையுமே காக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். களனிவெளிப் பாதை குறுகிய அகலத்தில் ஓடிய காலத்தில், சென்டினல் கம்பனியின் நீராவி ரயில் கார்கள் 1920களில் வந்தன. எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒரே வண்டியாகச் சேர்ந்தவை. நட்டுக்குத்தான பொயிலர் ஒன்று முன்பக்கத்தில் இருக்கும். ட்ராமுக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. அவற்றில் 331ஆம் இலக்க வண்டியை ரயில் திணைக்களம் ஓடும் நிலையில் காத்து வந்திருக்கிறது. 1990களில் களனிவெளிப் பாதையை அகலப் பாதையாக மாற்றியதோடு அந்த வண்டிக்கு ஓட இடமே குறுகிவிட்டது. ஓட இடமில்லாத வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க எந்தக் கணக்காளரும் பணம் ஒதுக்க விரும்பமாட்டார். ரயில் ஓடத் தொடங்கி 150 வருடம் நிறைந்த 2014 டிசெம்பர் 27இல் கடுகண்ணாவையில் ரயில் நூதனசாலை திறந்தது. நல்ல முயற்சி. அங்கே நிற்கும் எஞ்சின்களைப் பார்த்துப் பிள்ளைகள் அதிசயிக்கிறார்கள். குறுகிய அகலத்தில் ஒரு சின்னச் சுற்றுப்பாதை போட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது நீராவியில் ஒரு வண்டியை ஓட்டினால், அந்த அதிசயம் வேறு மாதிரி இருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. தில்லியில் பட்டியாலா ட்ராமுக்குச் செய்தது அதுதான்: வளாகத்துக்குள் ஒரு வளையமாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள்.

நம் ஊரிலும் பூர்வீக நூதனசாலை ஒன்று இருக்கிறது. பழைய பாவனைப் பொருட்களும் பழைய வாழ்க்கையின் காட்சிகளும் அங்கே இருக்கின்றன. அதைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் கைத்தறியைப் பற்றிக் கேட்பார்கள். தறி என்ற பொருளைக் காட்டுவது ஒரு வேலை. மிதித்து, நாடாவை எறிந்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சாரம் நெய்து காட்டுவது இன்னொரு வேலை. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் அந்த இரண்டாவது வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு மாதாமாதம் ஒரு கூலி கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் நெய்ய வைப்பதற்கு நகர சபைக்குப் பெரிய செலவு வராது. எஞ்சினுக்குச் சொன்னதை நான் தறிக்கும் சொல்கிறேன்.

கொழும்பு ட்ராமைப் பொறுத்தவரை செய்வதற்கு இன்னும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது, அதை எங்கிருந்தும் செய்யலாம். ட்ராம் 1960வரை ஓடியது. அப்போது பத்து வயதாக இருந்து புறக்கோட்டையில் தகப்பனோடு கடையில் நின்றவர்களுக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். அவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள். எந்த முனையில் வண்டி சத்தம்போட்டுத் திரும்பியது, நடத்துநர் காசை எப்படி வாங்கினார், மழைக்கு எந்தப் பக்கம் திரை இறக்கினார்கள் என்பதைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். பழைய கடைக் கணக்குப் புத்தகங்களின் நடுவில் ஒரு ட்ராம் டிக்கட் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். கடைக்கு முன்னால் நின்று எடுத்த குடும்பப் படத்தில் பின்னால் ஒரு ட்ராமின் கீழ்ப்பகுதி, அந்தச் சில்லும் ட்ரக்கும், தற்செயலாகப் பதிந்திருக்கக்கூடும். அப்படியொரு படம் உங்கள் அலுமாரியில் இருந்தால் தயவுசெய்து எறிய வேண்டாம். அதைப் பெரிதாக்கி அளவெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.